சைலன்சரிலிருந்து கழற்றிய வலை

என் மகனுக்கு,

இது நான் உனக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதலாவது என் தமிழ்க் கொப்பியில் இருக்கிறது. நீ இன்னும் பிறக்கவில்லை, எனக்கே பதினாறு வயதுதான். ஆனால் ஓ.எல் பரீட்சை வினாத்தாளில் கடிதம் கட்டாயம் வரும் என்று சொல்லி, போன புதன்கிழமை டீச்சர் கரும்பலகையில் தலைப்பு எழுதிப்போட்டார்: உன்னை ஒரு பெற்றோராக எண்ணிக்கொண்டு, தொழிலுக்குப் புறப்படும் வளர்ந்த மகனுக்கு அறிவுரை கூறிக் கடிதம் எழுதுக. "மகளுக்கு எழுதக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டேன். "வினாத்தாள்ல மகன்னு இருந்தா மகனுக்குத்தான் எழுதணும்" என்றார். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "மொதல்ல மாப்பிள்ளைக்கு ஒரு லெட்டர் எழுதிப்புடுறோம் டீச்சர், அப்புறமா மகனப் பாப்போம்" என்றாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் நான் உனக்கு நிறைய அறிவுரை சொன்னேன். எந்த நிலையிலும் உண்மையை மறைக்காதே என்று எழுதி, அதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். டீச்சர் சிவப்புப் பேனையால் 'மிக நன்று' என்று எழுதி, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அன்றைக்கு எங்கள் மலையில் தீ எரிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று தெரிந்திருந்தும் ஒருவரிடமும் சொல்லாமல்தான் அந்தக் கடிதத்தை வாசித்தேன்.

அதனால் அதை விட்டுவிடு. இதுதான் உண்மையான கடிதம். இதை யாருக்கும் தெரியாமல், விஞ்ஞானப் புத்தகத்தை மறைப்பாக நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இந்நேரம் எழுதவேண்டியது வேறொரு கடிதம். எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் மருதை மாமாவுக்காக, தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். என் கவனயீனத்தால் தீ பிடித்தது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதவேண்டும். காலை ஏழு மணிக்கு மாமா அதில் கையெழுத்துப் போடுவார். எட்டு மணிக்கு ஆபீஸில் கொடுப்பார்கள். எழுதுவதற்கென்று அவரே இரண்டு ஃபுல்ஸ்கேப் தாள் வாங்கிக்கொண்டு வந்து தந்திருக்கிறார். "ஒண்ணு பிழையாப்போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும் புள்ள" என்றார். அந்த இரண்டு தாளும் மேசையில் வெறுமையாக இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. பயம் தீர்ந்த பிறகு செய்யலாம் என்று பார்த்தால் விடிந்துவிடும். அதனால் பயந்துகொண்டே செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன்.

உன் தாத்தாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கண்டி மாவட்டத்தில் பன்வில பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், பட்டுப்போன சவுக்கு மரங்களை வெட்டி, துண்டு போட்டு, தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகாகக் கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். அதற்கு அவரிடம் ஒரு பழைய செயின்சோ, பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள், இருக்கிறது. கண்டியில் யாரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கி, டிவிஷனல் செயலகத்தில் பதிவும் செய்து வைத்திருக்கிறார். அந்தப் பதிவுத் துண்டை பொலித்தீனில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். என் பிறப்புச் சான்றிதழும் அங்கேதான் இருக்கிறது. இந்த வருடம் அந்த வாள் மரத்துக்குள் பாதி போனதும் திணறத் தொடங்கியது. அதே நேரத்தில் கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து இரண்டு பேர் புது வாளோடு வந்து, இந்த வேலையை எங்களுக்குத் தந்தால் பாதி நாளில் முடித்துக்காட்டுவோம் என்று துரையிடம் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் மேல்மலை மரத்தை எல்லாம் இறக்கினால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்று துரை அப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. வாளை அடுப்படித் தரையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னத்த அப்பிடி பாக்குறீங்க, அது என்ன பொண்ணா?" என்று அம்மா கேட்டதற்குக்கூடச் சிரிக்கவில்லை.

நான்தான் போனில் தேடினேன். நான் பாடசாலையில் தொழில்நுட்பம் படிக்கிறேன். இங்கிலீஷும் எங்கள் லயத்தில் எனக்குத்தான் ஓரளவு விளங்கும். வெளிநாட்டில் ஒருவர் எங்களுடையதைப் போன்ற வாளையே முன்னால் வைத்து, அதன் சைலன்சரை எப்படித் திறந்துவிடுவது என்று காட்டினார். புகை வெளியே போகும் வாய் சின்னதாக இருப்பதால் எஞ்சின் மூச்சு முட்டுகிறது. அந்த வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் புகை தாராளமாகப் போகும், வேகம் கூடும். உள்ளே ஒரு சின்ன வலை இருக்கும், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கரி பிடித்து அடைத்துப்போயிருந்தால் அதையும் பார்க்கவேண்டும். துளை போட்ட பிறகு எஞ்சினுக்குக் காற்று அதிகமாகும், பெற்றோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். ஆகவே கார்பரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்து, பெற்றோலையும் கூட்டவேண்டும். அவர் சொன்னதை நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் சொல்ல, அப்பா செய்தார். அவர் கையும் என் வாயும் சேர்ந்து ஒரே ஆள் வேலை செய்வதுபோல இருந்தது. அவ்வளவு நேரம் அப்பா என் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

வலையைக் கழற்றியபோது அது கரிக்கட்டி மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வலையின் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. "இது என்னத்துக்கு பாப்பா?" என்று அப்பா கேட்டார். "புகை போற வழியில இருக்கும்பா. அடைச்சுப்போச்சு. இது இல்லாமலும் ஓடும்." "ஓடுமா?" "ஓடும்பா, இன்னும் நல்லா ஓடும்." அது பொய் இல்லை. அது இல்லாமல் வாள் ஓடும், நன்றாகவும் ஓடும். ஆனால் போனில் இருந்தவர் அதோடு நிறுத்தவில்லை. காய்ந்த புல்லும் சருகும் உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் இந்த வலையைக் கழற்றவே வேண்டாம், நெருப்புப் பொறி வெளியே போகாமல் தடுப்பது இதுதான், கம்பிப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்பப் போட்டுவிடுங்கள் என்று சொன்னார். எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அப்பா போனைப் பார்த்துக்கொண்டு, "வேற ஏதும் சொல்றானா?" என்று கேட்டார். "இல்லப்பா, அவ்வளவுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒன்பது நாளும் என்னையே கேட்டுப் பார்த்தேன். நீ வளர்ந்தவனாக இருந்து இதைப் படிக்கும்போது, உன் அம்மா ஏதோ மறதியில் விட்டுவிட்டாள் என்று எனக்காகச் சமாதானம் தேடாதே. மறக்கவில்லை. அந்த வரியைச் சொன்னால் அப்பா வலையைத் திரும்பப் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் நெருப்பு விஷயத்தில் அவ்வளவு பயந்தவர். வலையைத் தேய்த்துக் கழுவினால் கிடைக்கும் வேகம் எனக்குப் போதவில்லை. அந்தப் புது வாள்காரர்கள் வாய் பிளந்து பார்க்கும் அளவுக்கு எங்கள் வாள் வெட்டவேண்டும், அது என்னால் நடந்தது என்று அப்பா நாலு பேரிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் காரணம். மழை வந்துவிடும், ஒன்றும் நடக்காது என்றும் நினைத்தேன். அந்த வலையை வீசாமல் என் கொம்பாஸ் பெட்டிக்குள் எடுத்து வைத்தேன். ஏன் அதை ஒளித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. குப்பையில் போடுகிற சாமானை ஒருவரும் ஒளித்து வைப்பதில்லை.

வாள் வெட்டியது மகனே. அதையும் உனக்கு மறைக்கமாட்டேன். வெறுமனே முறுக்கும்போது கொஞ்சம் கரகரப்பாகவும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு நின்று சுத்தமாகவும் சத்தம் வரவேண்டும் என்று போனில் இருந்தவர் சொன்னார். அந்த இடத்தை நான் காதாலேயே பிடித்தேன். "இன்னும் கொஞ்சம் திறங்கப்பா, இன்னும் கொஞ்சம், நிப்பாட்டுங்க!" அடுத்த நாள், முன்பு கால் மணித்தியாலம் திணறிய தடிமனை அப்பா பேசிக்கொண்டே அறுத்தார். சத்தம் கீழ் டிவிஷன் வரைக்கும் கேட்டதாம். சத்தம் கூடியது நல்லதல்ல என்று இப்போது தெரிகிறது. அப்பா இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தும் கத்திக் கத்திப் பேசினார். அப்போது எங்களுக்கு அதுவும் பெருமையாக இருந்தது. அப்பா ஆபீஸ் வாசலில் வைத்து, "எம்மக செஞ்ச வேல இது. கையில அழுக்குப் படாம வாயாலேயே எஞ்சின் வேல பாக்குறா" என்று சொன்னார். மருதை மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒம்மக வாய்க்கு எஞ்சின் என்ன மச்சான், லொறியே கெளம்பும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் பின்னேரம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். சைலன்சர் வாயிலிருந்து இரண்டு மூன்று சின்னச் சிவப்புப் பொட்டுகள் பறந்து, புல்லுக்கு மேலே அணைந்துபோயின. அப்பாவின் முகம் மரத்தைப் பார்த்திருந்தது, அவர் காணவில்லை. நான் கண்டேன். வீட்டுக்குப் போனதும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதுதான் இரண்டாவது தடவை.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை தீ பிடித்தது. ஒன்றரை மாதமாக மழை இல்லை. மேல்மலையில் மானாப்புல் இடுப்புயரத்துக்கு வெளுத்துக் காய்ந்து நின்றது. அதன் ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு சவுக்கு மரத்தை அப்பா துண்டு போட்டுவிட்டு, ஒரு மணிக்குச் சாப்பிட வந்தார். அந்தச் சரிவுக்கு மேலேதான் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வரும் தொட்டி இருக்கிறது. தொட்டிக்கும் அதிலிருந்து இறங்கும் கறுப்புக் குழாய்க்கும் வாட்சர் மருதை மாமா. அவர் வழக்கம்போலத் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வெட்டின மரத்துக்குக் கீழே இருக்கும் பாறையில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டுப் போனார். இரண்டு மணி போல மேலே புகை தெரிந்தது. அப்பா, மாமா, லயத்து ஆண்கள் எல்லோரும் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். பொழுது சாயும்போதுதான் அணைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் காப்பாற்றினான். ஆனால் ஒரு துண்டு நிலத்துத் தேயிலைச் செடி கருகிப்போனது. கறுப்புக் குழாய் முழுவதும் உருகி, பாறைகளில் பாம்புச் சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றையிலிருந்து லயத்தில் ஒருவருக்கும் தண்ணீர் இல்லை. உன் அம்மம்மா கொழுந்து எடுத்து வந்த கையோடு, கீழே ஓடைக்குப் போய்க் குடம் தூக்குகிறாள். நானும்தான் தூக்குகிறேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார். பார்த்தார் என்றால் ரோட்டிலிருந்து பார்த்தார். "இங்க கடைசியா உக்காந்தது யாரு?" என்றார். மாமா கையைத் தூக்கினார். "பீடி குடிச்சியா?" "குடிச்சேங்க." அவ்வளவுதான் விசாரணை. வாள் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அப்பாவுக்கே வரவில்லை. அன்றிலிருந்து ஓடையில் மாமாவைக் கண்டால் பெண்கள் விடுவதில்லை. "வாட்சர் வர்றாரு, தள்ளிக்கங்கடி. தண்ணி இல்லாட்டியும் நெருப்பு குடுப்பாரு." "அவரு பீடிக்குத்தான் நாம குடம் செமக்குறோம்." அம்மாவும் ஒருநாள், "ஏங்க, அந்தச் சனியனக் குடிக்காம இருந்தா செத்தா போயிருவீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எல்லோரையும் கேலி பண்ணுகிற மனிதர் அவர். அன்று கேலிக்குப் பதிலாக அம்மாவின் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடமாவது அவர் தூக்குகிறார்.

தீ அணைந்த அடுத்த நாள் விறகு பொறுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக மேலே போனேன். மாமா உட்கார்ந்த பாறையைச் சுற்றிப் புல் எரியவே இல்லை. பாறைக்கும் மரம் வெட்டின இடத்துக்கும் நடுவே பத்து எட்டு வைக்கும் தூரம் இருக்கும். அவ்வளவு தூரமும் புல் மஞ்சளாக நின்றது. அவருடைய பீடித் துண்டு பாறை மேலேயே நசுக்கி வைத்தபடி கிடந்தது. கரி தொடங்கியது மரத்தூள் குவியலில். அங்கிருந்து விசிறி மாதிரி விரிந்து மேலே போயிருந்தது. காற்று அன்றைக்கு மேல்நோக்கித்தான் அடித்தது. பொறி தூளுக்குள் விழுந்து, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளுக்குள்ளே கனன்றிருக்க வேண்டும். நான் அங்கேயே குந்திவிட்டேன். பீடித் துண்டை எடுத்து ஒரு கொப்பித் தாளில் சுற்றிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் உனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சரிசெய்யப் பார்த்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குக் கணக்கு ட்யூஷனுக்குப் போனபோது, வகுப்பு முடிந்ததும் அப்பா வழக்கமாக வாள் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். கொம்பாஸ் பெட்டியைத் திறந்து வலையைக் காட்டி, இதே மாதிரி புதிது வேண்டும் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய மொடல் மகள். இருங்க பாப்போம்." ஒரு டின்னைக் கொட்டித் தேடி எடுத்துத் தந்துவிட்டு, "இது இல்லாம எத்தின நாள் ஓடிச்சு?" என்று கேட்டார். "கொஞ்ச நாள்." "எங்க, டவுன்லயா மலையிலயா?" "மலையில." அவர் பழைய வலையைத் திரும்ப என் பெட்டிக்குள் வைத்தார். "இந்த வெயிலுக்கு மலையில இத கழட்டிட்டு ஓட்டுறது, பொக்கட்டுல நெருப்ப போட்டுக்கிட்டு வைக்கோல்ல படுக்குற வேல. வாப்பாட்ட செல்லுங்க மகள்." சொல்கிறேன் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்க எனக்கு வேறு கணக்கு ஓடியது. ராத்திரி எல்லோரும் தூங்கினதும் சைலன்சர் மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, புது வலையைப் போட்டு மூடிவிட்டால் இனிமேல் பொறி பறக்காது. பழைய வலையை ஓடையில் எறிந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. மாமாவுக்குத் திட்டுத்தானே, நாளாக நாளாக எல்லோரும் மறந்துவிடுவார்கள். துரை அவரைக் கூப்பிடப்போகிறார் என்று நேற்று எனக்குத் தெரியாது.

இன்றைக்குப் பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார். நிலைப்படியிலேயே நின்றார். "உள்ள வா மச்சான், நெருப்பா கொண்டாந்திருக்க, வெளிய நிக்கிறதுக்கு?" என்று அப்பா பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. நாளைக் காலை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். தான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் வாட்சர் வேலை மட்டும் போவதோடு விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் பொலிசுக்குக் கொடுப்பார்களாம். அப்பா யோசித்துவிட்டு, "எழுதிக் குடுத்துரு மச்சான். தெரியாம நடந்ததுதானே. ஒத்துக்கிட்டா மனசு எரங்குவாங்க. நானும் கூட வர்றேன், எம்மக நல்லா எழுதுவா" என்றார். அப்பா நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் மடியில் கிடந்த வாளைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நல்லா எழுது புள்ள. பெரிய பெரிய வார்த்தை எல்லாம் வேணாம். எனக்கு வாசிக்க வரணும்." நான் கேட்டேன், "மாமா, நீங்க பீடிய அணைச்சீங்களா இல்லையா?" அவர் தன் விரல்களைப் பார்த்தார். "அணைச்சேன்னுதான் நெனச்சேன். இருவது வருசமா பாறையில நசுக்கித்தான் வைப்பேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே தெரியல புள்ள. ராத்திரி படுத்தா, தூக்கி எறிஞ்ச மாதிரியே தெரியுது. நாந்தான் செஞ்சிருப்பேன். வேற யாரு செஞ்சிருப்பா?" பிறகு சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டையும் லைட்டரையும் எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார். "இத நீயே வச்சுக்க மச்சான். இனி தொடமாட்டேன்." அந்த இரண்டு தாளை மேசையில் வைத்துவிட்டு, மூலை மடங்கியிருந்ததை நீவிவிட்டுப் போனார்.

வேலை போவதைக்கூட நான் ஒருமாதிரி எனக்குள் சமாதானம் சொல்லியிருப்பேன் மகனே; வேறு வேலை கிடைக்கும், அது இது என்று. ஆனால் செய்யாத ஒன்றைத் தானே செய்ததாக அவர் நம்பத் தொடங்கிவிட்டார். ராத்திரியில் கண்ணை மூடினால் தன் கை பீடியைத் தூக்கி எறிவதைப் பார்க்கிறார். அந்தக் கையை அவருக்குக் கொடுத்தது நான். நான் எழுதிக்கொடுக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நானே போய் இல்லை என்று சொன்னாலும் அவர் மனதிலிருந்து அது அழியுமோ தெரியாது. அதனால்தான் நாளை மறுநாள், ஓ.எல் முடியட்டும், மழை வரட்டும் என்றெல்லாம் தள்ள முடியாது. ஏழு மணிக்கு முன்னால் நடக்க வேண்டும்.

என்ன நடக்கும் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். துரை அப்பாவின் வேலையை நிறுத்தலாம். வாளின் பதிவு பறிபோகலாம். பதிவு இல்லாத வாளை வைத்திருந்தால் பொலிஸ் கொண்டுபோய்விடும். அந்தப் புது வாள்காரர்கள் இங்கே வந்துவிடுவார்கள். ஓடையில் பெண்கள் மாமாவை விட்டுவிட்டு எங்கள் அம்மாவைப் பிடிப்பார்கள். அம்மா அவரைக் கேட்ட கேள்வியையே அவளிடம் திருப்பிக் கேட்பார்கள். அப்பா என்னை அடிக்கமாட்டார், ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் ஆபீஸ் வாசலில் 'எம்மக செஞ்ச வேல' என்று சொன்ன வாய் இனிமேல் என்னிடம் ஒன்றும் கேட்காமல் போகலாம். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். இதை எழுதும்போதும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, நீயே பார்க்கலாம். இருந்தாலும் போவேன்.

உனக்கு அறிவுரை சொல்லத்தானே தலைப்பு. கோடு போட்டு ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ மெக்கானிக்காக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், ஆபீஸில் கதிரையில் உட்கார்ந்திருக்கலாம். உனக்கு விளங்கி, உன் முன்னால் நிற்பவருக்கு விளங்காத ஒரு பாஷை உன் கையில் இருக்கும். அவர் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் உனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லி, பிடிக்காததை விழுங்கிவிடலாம். அவருக்கு ஒருநாளும் தெரியவராது. அப்படி விழுங்கும்போது பொய் சொன்ன மாதிரியே இருக்காது, அவ்வளவு லேசாக இருக்கும். அந்த லேசு வந்தால் பயந்துகொள். அவர் கையில்தான் வாள் இருக்கிறது, வெட்டப்போவது அவர்தான், நீ இல்லை. முழுவதையும் சொல்லிவிட்டு, பிறகு அவரே முடிவெடுக்கட்டும் என்று விடு. அப்பாவிடம் நான் அந்த வரியைச் சொல்லியிருந்தால், வலையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, துளையையும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக வெட்டியிருப்பார். மாதக் கடைசிக்குள் முடித்தும் இருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்று. தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் போதும் என்று உனக்குத் தோன்றும் நாள் வரும். சரிசெய், வேண்டாமென்று சொல்லவில்லை. புது வலை என்னிடம் இருக்கிறது, அதைப் போடத்தான் போகிறோம். ஆனால் அதற்குள் உன் தப்பை வேறு ஒருவர் சுமந்துகொண்டு நடக்கிறாரா என்று சுற்றிப் பார். எங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கும் மாமா வைத்துவிட்டுப் போன குடம் இருக்கிறது. இராத்திரி அதிலிருந்துதான் ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு குடித்தேன்.

மாமாவின் தாளில் ஒன்றை எடுத்து எழுதிவிட்டேன். துரைக்குத்தான். 'மேல்மலையில் தீ பிடித்ததற்கு வாட்சர் மருதை காரணமல்ல' என்று தொடங்கி, வலை எதற்காக இருக்கிறது, அதைக் கழற்றச் சொன்னது யார், எதை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தேன், பாறையைச் சுற்றிப் புல் எரியாமல் நிற்பதை யாரும் போய்ப் பார்க்கலாம் என்பது வரைக்கும் எழுதி, கீழே என் பெயரும் வகுப்பும் போட்டிருக்கிறேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. மாமாவால் வாசிக்க முடியும். ஒரு பிழையும் வரவில்லை. இரண்டாவது தாள் மிச்சம், அதை அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். பழைய வலை, புது வலை, நசுக்கிய பீடித் துண்டு மூன்றையும் கொம்பாஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். துரை நம்பாவிட்டால் மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன். அப்பா வந்தால் அப்பாவோடு போவேன். வராவிட்டால் மாமாவோடு போவேன்.

முதலில் அப்பாவிடம் சொல்லவேண்டும். ஆபீஸில் வைத்து மற்றவர்களோடு சேர்ந்து அவர் இதைக் கேட்கக் கூடாது. நாலரை மணிக்கு எழுந்து அடுப்படிக்கு வந்து, அவரே தேத்தண்ணி ஊற்றுவார்; வாளை எடுத்து ஒரு தடவை துடைத்து வைப்பார். இப்போது உள்ளே இருமும் சத்தம் கேட்கிறது. கட்டில் சத்தமும் கேட்கிறது. பஞ்சைத் தேடுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும், காதில் வைத்துவிட்டால் நான் கத்திச் சொல்லவேண்டி வரும். எங்கே தொடங்குவது என்றுதான் இவ்வளவு நேரமும் தெரியாமல் இருந்தது. உனக்கு எழுதியதில் அது கிடைத்துவிட்டது. அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அங்கிருந்தே தொடங்குவேன். பெட்டியைத் திறந்து, கரி பிடித்த அந்த வலையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொல்வேன்.

"அப்பா, அன்னைக்கு, வேற ஏதும் சொல்றானான்னு கேட்டீங்கல்ல. சொன்னான்பா."